முஹய்யோ பார்த்த பேச்சு

துஷான்பேயில் ரொட்டித் தொழிற்சாலைக்குப் பின்னாலிருக்கும் எங்கள் நான்கு மாடிக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில் முஹய்யோ குடியிருந்தாள். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போய்விட்டது. அதற்கு முன்பே பேசக் கற்றிருந்ததால் பேச்சு மட்டும் மிஞ்சியது. ஆனால் தன் குரல் தனக்கே கேட்காதவள் அதை எந்த அளவில் வைப்பாள்? சந்தையில் கிசுகிசுப்பாள், துக்க வீட்டில் கத்துவாள். நாக்கில் ருசி போனவள் போட்ட உப்பு மாதிரி, ஒரு நாள் சப்பென்று இருக்கும், ஒரு நாள் வாயில் வைக்க முடியாது. தெருப் பிள்ளைகள் அவளைப் பின்னாலிருந்து "செவிட்டு முஹய்யோ" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். முன்னால் வந்து கூப்பிட ஒருத்தனுக்கும் தைரியம் இருந்ததில்லை. முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், உதட்டிலிருந்து முழுவதையும் படித்துவிடுவாள். திட்டவும் தெரியும்.

காது கேளாதவர்களுக்கென்று அரசாங்கம் நடத்திய தையல் கூடத்தில்தான் அவளுக்கு வேலை. முன்பெல்லாம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, பள்ளிக்கூடத் திரைச்சீலை என்று பலதும் தைத்தார்கள். உள்நாட்டுப் போர் வந்தபிறகு படைக்காரர்களின் உள்ளாடை மட்டும்தான். அதே கூடத்தில் துணி வெட்டிய நுஸ்ரத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் பிறவியிலேயே காது கேளாதவன். பிள்ளை பிறக்கவில்லை. போரின் முதல் குளிர்காலத்தில், ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவனைப் பின்னாலிருந்து ஒரு காவல்காரன் "நில்" என்றானாம். அவன் எப்படி நிற்பான்? தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தான். சுட்டுவிட்டார்கள். எந்தப் பக்கத்துக் காவல்காரன் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். தெரிந்து என்ன செய்யப் போகிறேன் என்று முஹய்யோ அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு உறவென்று சொல்ல இருந்தவர்கள் பக்கத்து வீட்டு சலோமத்தும் அவள் மகன் சைமுதீனும்தான். சலோமத் சந்தையில் சூரியகாந்தி விதை வறுத்து விற்றாள். அவள் புருஷன் ஓதினா ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு அடுப்பு மூட்டிக்கொண்டான். சைமுதீன் பாதி நாள் முஹய்யோ வீட்டில்தான் வளர்ந்தான். நான்கு வயதிலேயே நுஸ்ரத்திடம் விரல் பாஷை கற்றுக்கொண்டான். வாயால் பொய் சொல்லப் பழகுமுன் விரலால் சொன்னான். ஊசியை இழுப்பதுபோல் இரண்டு விரலைச் சேர்த்து இழுத்தால் அது முஹய்யோவின் பெயர். அவன் வைத்த பெயர்தான் அது. பெரியவனான பிறகும் முற்றத்தில் நண்பர்களோடு நிற்கும்போது, மேலே பார்த்து அந்த விரல்களை இழுத்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே போவான்.

அவனைச் சந்தையில்தான் பிடித்தார்கள். படைக்கு ஆள் குறைந்தால் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, மீசை முளைத்தவனையெல்லாம் ஏற்றிக்கொண்டு போவது அப்போது வழக்கம். சைமுதீனோடு, நூற்பாலைக் குடியிருப்பைச் சேர்ந்த தோஸ்த்முராத் என்ற பையனையும் ஏற்றினார்கள். இருவரும் மலைப்பக்கம் அனுப்பப்பட்டு, முதல் சண்டையிலேயே கலகக்காரர்களிடம் சிக்கினார்கள். உயிரோடு இருக்கிறார்கள், கைதிகளாக வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தகவல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சலோமத்தும் தோஸ்த்முராத்தின் அம்மா கிம்மத்தும் ராணுவ அலுவலக வாசலில் சேர்ந்து நின்று நின்று சிநேகிதிகளாகிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் கட்டடத்துக்கு மூன்று இடத்திலிருந்து செய்தி வந்தது. சலோமத் வீட்டுத் தொலைக்காட்சியில் அரசாங்கச் செய்தி. அதில் கலகக்காரர்களின் தலைவருக்குப் பெயரே கிடையாது, "ஆயுதக் கும்பலின் தலைவன்" என்பார்கள். மூன்றாம் மாடியில் வாடகைக் கார் ஓட்டும் பாரோத், மலைப்பக்கத்து ஆள். அவன் வானொலியில் எல்லை ஆற்றுக்கு அப்பாலிருந்து வரும் கலகக்காரர்களின் ஒலிபரப்பு. அதில் அவரே "மக்களின் மாபெரும் தலைவர்". பாரோத் போர்வையை முழுக்கப் போர்த்திக்கொண்டு ரகசியமாகக் கேட்பான். கட்டடத்தில் அது கேட்காத ஒரே ஆள் முஹய்யோதான். தரைத்தளத்தில் கிளாவ்தியா, ரஷ்யக்காரி, ஊருக்குப் போகப் பெட்டி கட்டிவைத்து இரண்டு வருஷமாக டிக்கெட்டுக்குக் காத்திருப்பவள். அவள் பார்ப்பது மாஸ்கோச் செய்தி. அதில் அவர் "எதிரணித் தலைவர்", அவர் பெயரையும் தப்பாக உச்சரிப்பார்கள். முற்றத்தில் கூடும் பெண்கள் வம்பே வேண்டாமென்று "அந்த ஆள்" என்றார்கள்.

"உங்க டிவியில மலைக்காரன் மட்டும் சாகறான். பாரோத் ரேடியோவில படைக்காரன் மட்டும் சாகறான்," என்பாள் கிளாவ்தியா. "ரெண்டையும் கூட்டிப் பாத்தாத்தான் நாட்டுல எத்தன பேர் செத்தாங்கன்னு தெரியும்."

"உங்க மாஸ்கோவில?" என்பாள் சலோமத்.

"அங்க யாரும் சாகறதில்லம்மா. கவலை தெரிவிப்பாங்க."

போர் தொடங்கி நாலாவது வசந்தத்தில் வெளிநாட்டு நகரம் ஒன்றில் சமாதானப் பேச்சு நடந்தது. அந்த ஆள் பேசப் போகிறார், கைதிகளைப் பற்றியும் பேசுவார் என்று செய்தி பரவியது. அன்று சாயங்காலம் சலோமத் வீட்டில் இடமில்லை. கிளாவ்தியா வந்தாள். பாரோத்தும், "முகத்தையாவது பாத்துட்டுப் போறேன்கா," என்று கதவோரம் உட்கார்ந்தான். முஹய்யோ வழக்கம்போல எல்லாரையும் விலக்கிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போய்க் குந்தினாள்.

தலைவரின் முகம் திரை நிறைய வந்தது. அவர் குரலைக் கேட்க விடவில்லை. படம் ஓட, மேலே அரசாங்க அறிவிப்பாளர் தன் குரலில் வாசித்துக்கொண்டே போனான். அந்த நாளில் எப்போதும் அப்படித்தான்: கலகக்காரரின் முகத்தைக் காட்டலாம், வாயைத் திறக்க விடக்கூடாது. ஊருக்கெல்லாம் அறிவிப்பாளரின் குரல் கேட்டது. முஹய்யோவுக்கு மட்டும் தலைவரின் வாய் தெரிந்தது. மார்க்கப் பற்றுள்ள ஆண்கள் தாடியை விட்டு மீசையை ஒட்டக் கத்தரித்துவிடுவார்கள். அவரும் அப்படித்தான். உதடுகள் மறைவில்லாமல் இருந்தன. நிதானமாக வேறு பேசினார்.

"கைதிகளை ஆட்டுக்கொட்டில் ஒன்றில் வைத்திருந்தோம். பனிக்காலக் கடைசியில் விமானம் வந்து குண்டு போட்டது. எங்கள் காவலர்களும் செத்தார்கள், அந்தப் பிள்ளைகளும் செத்தார்கள். குண்டு போட்டவர்கள் நீங்கள். கதவைப் பூட்டி வைத்தவர்கள் நாங்கள். ஆண்டவனிடம் இரண்டு பேரும்தான் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் பெயர்களை இப்போது வாசிக்கிறேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காகிதத்தைக் கீழே வைக்காமல் முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையே நிமிர்ந்து பார்த்து வாசித்தார். தோஸ்த்முராத், ரஜபின் மகன், நூற்பாலைக் குடியிருப்பு. சைமுதீன், ஓதினாவின் மகன், ரொட்டித் தொழிற்சாலைத் தெரு. இன்னும் ஒரு பெயர். அத்தோடு படம் வெளிநாட்டுக்காரர்கள் பக்கம் திரும்பிவிட்டது.

முஹய்யோ தப்பாகப் பார்த்திருக்க வழியில்லை. சலோமத் மாடத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள். அந்தப் பெயருக்கு ஒரு வாய் எப்படிக் குவியும், எப்படி விரியும் என்று அவளுக்குத் தன் பெயரைவிட நன்றாகத் தெரியும்.

படம் தலைவரிடம் திரும்பியபோது அவர் இரண்டு கையையும் ஏந்தியிருந்தார். மண்டபத்தில் அரசாங்கத் தரப்பினரும் ஏந்தினார்கள். எங்கள் மக்களுக்குக் கை தானாகச் செய்யும் காரியம் அது. சாப்பிட்டு முடித்தாலும், பயணம் கிளம்பினாலும், கல்லறையைக் கடந்தாலும், ஒருவர் கையேந்தினால் பக்கத்திலிருப்பவரும் ஏந்துவார். எதற்கு என்று கேட்பதில்லை. முகத்தைத் தடவிக்கொண்டு ஆமீன் சொல்வார். சலோமத் வீட்டிலும் அத்தனை பேரும் கையேந்தினார்கள், தொலைக்காட்சிக்கு முன்னால், சாமி கும்பிடாத கிளாவ்தியாவையும் முஹய்யோவையும் தவிர. சலோமத்தின் முகத்தில் வெளிச்சம். உறைந்துபோய் உட்கார்ந்திருந்த முஹய்யோவின் முழங்கையை இடித்து, அவளுக்குத் தெரியும்படி வாயை அகலத் திறந்து சொன்னாள்:

"கையத் தூக்குக்கா! பேச்சு நல்லபடியா முடியணும்னு ரெண்டு தரப்பும் வேண்டிக்கிறாங்களாம். வாசிக்கிறவன்தான் சொல்றான், டிவியில!"

முஹய்யோ கையைத் தூக்கினாள். சைமுதீனைப் பெற்றவள் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக அவனுக்கு, செத்தவர்களுக்காக ஓதும் ஃபாத்திஹாவை முடித்து முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஒருத்திக்குத் தான் செய்தது என்னவென்று தெரியாது.

அடுத்து அந்த அறையிலேயே தொடங்கியது வாய்ச்சண்டை. கைதிகளைப் பற்றிக் கும்பல் தலைவன் வாயே திறக்கவில்லை என்றது அரசாங்கத் தொலைக்காட்சி. பாரோத் மாடிக்கு ஓடிப்போய்த் தன் வானொலியைக் கேட்டுவிட்டு வந்தான். கைதிகள் எங்கள் விருந்தாளிகள், முலாம்பழம் பழுக்குமுன் தாய்மாரின் கையில் ஒப்படைப்போம் என்று தலைவர் அறிவித்தாராம். மாஸ்கோச் செய்தியில் எல்லைக் காவலைப் பற்றி மட்டும்தான் பேசினாராம். மறுநாள் வந்த அரசாங்கப் பத்திரிகையில் அவர் கையேந்திய படம், "சமாதானத்துக்குப் பிரார்த்தனை" என்று போட்டு. பாரோத்துக்கு எங்கிருந்தோ வந்த துண்டுத்தாளில் அதே படம், "வெற்றிக்குப் பிரார்த்தனை" என்று போட்டு.

"ஒரே ஆளு, ஒரே வாயி. இவனுக்கு ஒரு பேச்சு, அவனுக்கு ஒரு பேச்சா?" என்று சலோமத் பொரிந்தாள். அரசாங்கப் படைக்கு மகனைக் கொடுத்தவள், அரசாங்கத்தை நம்பாமல் எதிரியின் வானொலியை நம்பினாள். வேறென்ன செய்வாள்? அதுதான் மகன் வருவான் என்றது. பிறகு திரும்பி முஹய்யோவின் தோளைப் பிடித்தாள். "அக்கா, நீ வாயப் பாத்தியே! நீ சொல்லு. கைதிங்களப் பத்தி ஏதாச்சும் சொன்னானா இல்லியா?"

எல்லார் முகமும் முஹய்யோவைப் பார்த்தன.

"குனிஞ்சு பேப்பரப் பாத்து வாசிச்சான். ஒண்ணும் பிடிபடல," என்றாள்.

காலையில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் காலையில் சலோமத் வாளி நிறையச் சுண்ணாம்போடு வாசலில் நின்றாள். கன்னத்தில் வெள்ளைத் தீற்றல். இரண்டு வருஷத்துக்குப் பிறகு சிரித்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? முஹய்யோவும் ஒரு மட்டையை எடுத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள்.

அடுத்து பழைய மெத்தையைப் பிரித்துப் பஞ்சு உதறினார்கள். அதற்கடுத்து சலோமத் வெள்ளைத் துணி வாங்கிவந்து முஹய்யோவின் தையல் மிஷின் மேல் போட்டாள்.

"அவனுக்கு ஒரு சட்டை தைச்சுடுக்கா. இளைச்சிருப்பான். இல்ல, வளந்திருப்பானோ? எதுக்கும் ரெண்டு விரல் கூட விட்டுத் தை, பிரிச்சுப் புடிச்சுக்கலாம்."

முஹய்யோ தைத்தாள். ராத்திரியில் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அழுகை எவ்வளவு சத்தமாக வெளியே போகிறது என்று அவளுக்குத் தெரியாது, சுவருக்கு அந்தப் பக்கம் சலோமத் படுத்திருக்கிறாள். அவளும்தானே அவனை வளர்த்தாள். அவளுக்கும் மகன்தான் போனான். அழக்கூட இடமில்லாமல் இருந்தாள்.

ஒரு நாள் பாரோத் அவள் கதவுக்கு வந்தான். உள்ளே வந்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்றான். அவளோடு பேசத் தெரிந்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்ல?"

அவள் தைத்த சட்டையை மடித்து வைத்தாள்.

"எங்க ரேடியோவில அவர் பேச்சப் போட்டப்ப, கைதிங்கன்னு ஆரம்பிச்சார், நடுவுல ரபாப் வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. தலைவர் பேச்சுக்கு நடுவுல எவனாவது பாட்டுப் போடுவானா? அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. போன வாரம் மலையிலருந்து மாமா வந்தார். கொட்டில்ல குண்டு விழுந்தத அவரே சொன்னார்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சொல்லிடாதீங்கக்கா. குண்டு போட்டது யாருன்னு எவனும் கேக்க மாட்டான். மலைக்காரன் கொன்னுட்டான்னுதான் சொல்வாங்க. இந்தக் கட்டடத்துல மலைக்காரன்னு நான் ஒருத்தன்தான் இருக்கேன். மூணு பொட்டப் புள்ளைங்கக்கா எனக்கு."

அவள் அவன் கையைத் தட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

அப்படியே நாள் போயிருக்கும். ஆனால் மகன் வருமுன் அவனுக்குப் பெண் பேசி முடித்துவிட வேண்டும் என்று சலோமத்துக்கு ஆசை வந்துவிட்டது. காய்கறிச் சந்தைப் பக்கத்தில் நல்ல குடும்பம், பதினெட்டு வயதுப் பெண். எங்கள் பக்கம் பெண் நிச்சயம் என்றால் ரொட்டி உடைப்பதுதான். விரிப்பின் நடுவே இரண்டு ரொட்டி வைத்து, இரு வீட்டுப் பெரியவர்களும் உடைத்துவிட்டால் முடிந்தது. எழுத்தும் வேண்டாம், மோதிரமும் வேண்டாம், அவள் அந்த வீட்டுப் பெண். மாப்பிள்ளை அதற்குப் பிறகு செத்தால், பெண்ணின் ராசி என்பார்கள். ரொட்டி உடைக்கும்போதே செத்துப்போயிருந்த மாப்பிள்ளைக்கு என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது, அப்படி நடந்ததில்லை.

பெண்ணின் அத்தையும் சித்தியும் வந்தார்கள். சுண்ணாம்பு மணக்கும் அறையில், புதுப் பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தார்கள். பச்சைத் தேநீர், காய்ந்த மல்பெரி, கற்கண்டு எல்லாம் இருந்தது. முஹய்யோவைச் சலோமத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து, "இவங்க அவனுக்கு இன்னொரு அம்மா," என்று அறிமுகப்படுத்தினாள். தைத்த சட்டையை எடுத்துக் காட்டினாள். பெண்ணின் அத்தை தையலைத் தடவிப் பார்த்துப் புகழ்ந்தாள். பிறகு ரொட்டியை நடுவே வைத்தார்கள்.

சலோமத் ஒரு ரொட்டியைக் கையில் எடுத்தாள். முஹய்யோ சட்டென்று அதன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, நீயே உடைக்கிறியா?" என்று சிரித்தாள் சலோமத்.

காதோடு காதாகச் சொல்லத்தான் முஹய்யோ குனிந்தாள். மனசில் இருந்த அளவு வேறு, தொண்டையிலிருந்து வந்த அளவு வேறு.

"சைமுதீன் செத்துட்டான்! உடைக்காத! அந்த ஆள் அவன் பேர வாசிச்சான்! கையத் தூக்கினது அவனுக்குத்தான்!"

நான்காம் மாடிவரை கேட்டது. முற்றத்தில் துணி உலர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். வந்த பெண்கள் செருப்பைத் தேடிக்கொண்டு இறங்கிப் போனார்கள். சலோமத் அறைந்தாள், முதலில் ஒரு கன்னத்தில், பிறகு மறு கன்னத்தில்.

"செவிட்டு முண்ட! உனக்குப் புள்ள இல்லன்னு என் புள்ளைய முழுங்கப் பாக்கறியா? டிவிக்குத் தெரியாதது, ரேடியோவுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா?"

முஹய்யோ ஒவ்வொரு சொல்லையும் படித்தாள். கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றும் தெரியாமல் போயிருக்கும். மூடவில்லை.

அப்போது பாரோத் மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றான். பயந்த மனுஷன்தான், மூன்று பெண் பிள்ளைகள் உள்ளவன்தான். ஆனாலும் வந்தான். சலோமத் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ சொல்லு தம்பி. உன் ரேடியோ வருவான்னுதானே சொல்லிச்சு?"

பாரோத் தலையைக் குனிந்துகொண்டான். சலோமத் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியே சுவரில் சாய்ந்து கீழே இறங்கி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவள் துக்கத்துக்கு உரிய நீல உடையை உடுத்தினாள். ராணுவ அலுவலகத்தில் சைமுதீன் உயிரோடிருப்பவர் கணக்கில் இருக்கிறான் என்றார்கள். எங்கள் பேட்டைப் பள்ளிவாசல் முல்லா, "யார் சொல்லி சாவுத் தொழுகை நடத்துறது? டிவி சொல்லல, அரசாங்கம் சொல்லல," என்று தாடியைத் தடவினார். வானொலி இன்னமும் விருந்தாளிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. உடலும் இல்லை, தொழுகையும் இல்லை. சாவென்று ஒப்புக்கொள்ள ஆளில்லாத சாவு.

முஹய்யோவைப் படிக்கட்டில் பார்த்தால் சலோமத் முக்காட்டின் நுனியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். மற்றவர்களுக்கு அது துக்கக்காரியின் பழக்கம். முஹய்யோவுக்கு அது முகத்தில் சாத்திய கதவு. மூடிய வாயோடு ஏதோ சொல்லிக்கொண்டே போவாள். திட்டுகிறாளா, அழுகிறாளா, இருமுகிறாளா, ஒன்றும் தெரியாது. கணவன் செத்தபோதுகூட முஹய்யோ இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

முற்றத்து மல்பெரி மரம் பழம் உதிர்க்கத் தொடங்கிய ஒரு காலையில் சலோமத் அவள் வீட்டுக்குள் வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். முக்காட்டை வாயிலிருந்து எடுத்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"செத்தது உன் தப்பில்ல. அது எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா சுண்ணாம்பு அடிக்க விட்டியே. சட்டை தைச்சியே, ரெண்டு விரல் கூட விட்டு. எப்படிக்கா கை வந்துச்சு? தினம் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படி இருந்த? ஒரு வார்த்த அன்னைக்கே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருக்க மாட்டேன். இத்தன நாள் என் புள்ள செத்ததுக்குச் சிரிச்சிருக்கேன்."

சொல்லிப் புரியவைக்கிற காரியமா அது?

"அவன் பேருக்கு முன்னாடி வேற பேரும் வாசிச்சானா?"

"தோஸ்த்முராத்."

"கிம்மத் பையன்." சலோமத் கண்ணை மூடித் திறந்தாள். "அவ அந்த ரேடியோவக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. நான் ஏமாந்த மாதிரி அவளும் ஏமாறக் கூடாது. வா, போய்ச் சொல்லிட்டு வருவோம். நீ வாயத் திறக்காத, நீ சொன்னா ஊருக்கே கேக்கும். நான் சொல்றேன். நான் சொல்வேன். உன்ன மாதிரி இல்ல நான்."

டிராலி பஸ்ஸில் நூற்பாலைக் குடியிருப்புக்குப் போனார்கள். கிம்மத்தின் வீட்டு வெளிக்கதவுக்குப் புதிதாக நீலச் சாயம் அடித்திருந்தது, ஒட்டும் என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கை ஈரம், மாவு.

"சலோமத்! இப்பத்தான் நெனச்சேன், உனக்கு நூறு வயசு! உள்ள வா, உள்ள வாங்கக்கா. ரேடியோ கேட்டியா? முலாம்பழத்துக்கு முன்னாடின்னு நேத்தும் சொன்னாங்க. ரெண்டும் ஒரே லாரில போச்சு, ரெண்டும் ஒரே லாரிலதான் வரும் பாரு." பிறகுதான் சலோமத்தின் உடை அவள் கண்ணில் பட்டது. முகம் மாறியது. "ஐயோ, நீலம் உடுத்தியிருக்கியே. யாருக்குடி?"

முஹய்யோ சலோமத்தின் வாயைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. அந்தப் பெயருக்குக் குவியத் தொடங்கியது. நின்றது.

"அண்ணனுக்கு," என்றாள் சலோமத். "ஊர்ல. மாரடைப்பு."

கிம்மத் அவளுக்காக அழுதாள். தேநீர் ஊற்றினாள், சூடான ரொட்டியைப் பிய்த்து முன்னால் வைத்தாள். தோஸ்த்முராத் வந்தால் அவனுக்கு முதலில் என்ன சமைப்பது என்று கேட்டாள். கொண்டைக்கடலை போட்ட ஆட்டுச் சாறு நல்லது, இளைத்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று சலோமத் சொன்னாள். சாயம் காய எத்தனை நாளாகும் என்று பேசினார்கள். கிளம்பும்போது சலோமத் வெளிக்கதவை ஒருமுறை பார்த்து, அழகாக வந்திருக்கிறது என்றும் சொன்னாள்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் ஏறியிருந்தது. சலோமத் முஹய்யோவின் முகத்துக்கு நேராக வந்து நின்று, அவளால் படிக்க முடியும்படி மெதுவாகக் கேட்டாள்.

"இத வயித்துல வச்சுக்கிட்டா அக்கா, அத்தன நாளும் நீ என் வீட்டுக்கு வந்து போன?"